காலர் வைத்த சட்டை

சர்வேயருக்குக் கோல்ஃப் பைத்தியம் பிடித்தபோது, தனக்கு இன்னொரு துவைப்பு வேலை வந்து சேர்ந்தது என்றுதான் அவர் மனைவி நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இஸ்திரி மடிப்பு கலையாமல் கிளம்பும் கால்சட்டை, மதியம் முழங்காலில் புல் கறையும் கீழே மண்ணுமாகத் திரும்பி வரும். கிளப்பின் மைதானத்தை விரிவாக்கியபோது நிலத்தை அளந்து கொடுத்தவர் அவர்தான். அந்தப் பழக்கத்தில் சலுகையாக உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். அளந்த நிலத்திலேயே அடித்து விளையாட மனுஷனுக்கு ஆசை வந்துவிட்டது.

அவள் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்த தலை நிமிராது. மேலே வெள்ளைக் கோட்டு இருப்பதால் உள்ளே என்ன உடுத்தியிருக்கிறாள் என்று யாரும் பார்த்ததில்லை, அவளும் யோசித்ததில்லை. வீட்டில் தொளதொளவென்று ஒரு மேல்சட்டை, கணுக்கால் வரை தொங்கும் பாவாடை. நின்று நின்று வேலை செய்ததில் கெண்டைக்காலில் நரம்புகள் பச்சைப் புழுக்களாகச் சுருண்டிருந்தன. அதை வெளியில் காட்ட அவளுக்கு மனம் வராது.

ஞாயிறு தவறாமல் அவர் கூப்பிடுவார். "சும்மா நடந்துட்டு வரலாம், வாயேன்" என்பார். அங்கே வருவதற்கு நான் என்னத்தை உடுத்திக்கொள்வது என்று அவள் கேட்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும். உடுப்பு ஒரு சாக்குதான். பணக்காரர்கள் பொழுது போகாமல் பந்தைத் தொலைத்துத் தேடும் விளையாட்டு அது என்று ஒரு இளக்காரம் அவளுக்கு. தன் ஞாயிற்றுக்கிழமையை அது தின்றுவிட்டது என்ற கோபமும் கூடவே இருந்தது.

ஒருமுறை அவரே கடைக்குப் போய் ஒரு சட்டை வாங்கி வந்தார். இளந்தளிர்ப் பச்சை, காலர் வைத்தது, கையில் மெல்லிய வெள்ளைக் கோடு. பெண்கள் கோல்ஃப் விளையாடப் போடுவது என்றார். அளவு சரியாக இருந்தது. அவளுக்கே அது ஆச்சரியம். ஆனாலும் மறுநாளே கொண்டுபோய்க் கடையில் கொடுத்துவிட்டு, மாற்றாகத் தலையணை உறைகள் வாங்கி வந்தாள். அந்த உறைகளில் தலை வைத்து இருவரும் பல வருஷம் தூங்கினார்கள்.

அவர் ஓய்வு பெற்றபின் கண் கெடத் தொடங்கியது. பேப்பர் படிக்கும்போது எழுத்துகள் நடுவில் கரைகின்றன என்றார். பிறகு முகங்கள் கரைந்தன. நேராகப் பார்த்தால் ஒரு அழுக்குப் புகை, ஓரமாகப் பார்த்தால் கொஞ்சம் தெரியும். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவிட்டது, ஊசி போட்டால் மேலும் கெடுவது மெதுவாகும், போனது திரும்பாது என்றார் கண் டாக்டர். சர்வேயர் நன்றி சொல்லிவிட்டு எழுந்து, கதவு என்று நினைத்துச் சுவரைத் தள்ளினார்.

அடிக்கும் கை மட்டும் மறக்கவில்லை. தலையைச் சாய்த்துப் பந்தை ஓரக்கண்ணால் பிடித்துக்கொண்டு, பழைய மாதிரியே வீசி அடித்தார். பந்து எங்கே போனது என்பதுதான் தெரியாது. கூட விளையாடியவர்கள் முதலில் ஆளுக்கு ஆள் பார்த்துச் சொன்னார்கள். அவர்களும் தங்கள் பந்தைப் பார்க்க வேண்டுமே. யாரும் முகம் சுளிப்பதற்கு முன்னால் அவரே விலகிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்க முடியாத பேப்பரை மடித்து மடித்து வைத்தபடி கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

அவளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு காலை, "நான் வந்து பந்தைப் பார்த்துச் சொல்றேன்" என்றாள். அவர் வாய்க்குக் கொண்டுபோன டம்ளர் பாதியில் நின்றது. அவர் சரி என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் ஷூவைத் தேடப் போனார்.

அவள் கார் ஓட்ட, கிளப்புக்குப் போனார்கள். வரவேற்பு மேசையில் இருந்த பெண் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டுச் சங்கடத்தோடு எழுந்து நின்றாள். விளையாடாவிட்டாலும் புல்லில் கால் வைப்பவர்களுக்கு விதி ஒன்றுதான், காலர் இல்லாத மேல்சட்டைக்கும் செருப்புக்கும் அனுமதி இல்லை என்று தணிந்த குரலில் சொன்னாள். மனைவி பந்தைப் பார்க்கத்தான் வருகிறாள் என்று சர்வேயர் சொல்லிப் பார்த்தார். அந்தப் பெண் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாளே தவிர இறங்கி வரவில்லை.

திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது அவள் கேட்டாள். "இப்படி ஒரு சட்டம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"சொன்னா, அப்ப நான் வரலன்னு சொல்லிடுவியோன்னு இருந்தது."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் வண்டியை எடுத்தாள். அப்படியெல்லாம் சொல்லியிருக்க மாட்டேன் என்று மறுக்க வாய் வந்தது. அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுவாரம் மகளைக் கூட்டிக்கொண்டு விளையாட்டுத் துணிக்கடைக்குப் போனாள். மகளுக்கு ஒரே கொண்டாட்டம். குட்டைப் பாவாடை போலிருந்த ஒன்றை எடுத்து விரித்தாள். வெளியே பாவாடை, உள்ளே தைத்து ஒட்டிய நிக்கர். இதைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால் உன் அப்பாவுக்குக் கண் தெரியாதது நல்லதுக்குத்தான் என்று ஆகிவிடும் என்றாள் அம்மா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. இருவரும் சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை விட்டார்கள்.

கடைக்காரி விவரமானவள். வெள்ளைக் கால்சட்டை வேண்டாம், வெயிலில் உள்ளாடை தெரியும், உட்கார்ந்தால் புல் கறை போகாது என்றாள். ஜீன்ஸை நிறையக் கிளப்புகளில் உள்ளே விடமாட்டார்கள். இழுத்தால் நீளும் துணியில், கணுக்கால் வரை வரும் கருநீலக் கால்சட்டை எடுத்துக் கொடுத்தாள். பந்து வைக்கப் பை ஆழமாக இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்க்கச் சொன்னாள். ஷூவுக்கு அடியில் ரப்பர் குமிழ்கள் இருந்தன, ஈரப் புல்லில் வழுக்காமல் இருக்க. சட்டையைப் போட்டதும் கண்ணாடியைப் பார்க்காதீர்கள், அடிக்கிற மாதிரி கையை வீசிப் பாருங்கள், இடுப்பு தெரிந்தால் அது உங்கள் அளவு இல்லை என்றாள். இவள் உடை மாற்றும் அறைக்குள் கையை வீசி, முழங்கையைக் கதவில் இடித்துக்கொண்டாள். வெளியிலிருந்து மகள், பந்து எவ்வளவு தூரம் போனது என்று விசாரித்தாள்.

கடைசியில் உறையில் ஒற்றைக் கையுறை வந்தது. "இன்னொண்ணு எங்கம்மா?" என்று அவள் கேட்டாள். கோல்ஃபுக்கு ஒரு கைக்குத்தான், வலது கைக்காரர்களுக்கு இடது கை என்றாள் கடைக்காரி. ஒரு கைக்கு மட்டும் காசு வாங்கினால் சரி என்றாள் இவள்.

சட்டைக்கு நிறம் கேட்டபோது இளந்தளிர்ப் பச்சை இருக்கிறதா என்றாள். அந்தப் பச்சை இப்போது வருவதில்லையாம். கரும்பச்சை உண்டு, நீலம் கலந்தது ஒன்று உண்டு. அவள் இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். எதுவும் அந்தப் பச்சையின் பக்கத்தில்கூட வரவில்லை. நீலம் கலந்ததை எடுத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை உடுத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவள் வந்த சத்தம் கேட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பினார். ஓரக்கண்ணில் பிடிக்க அவருக்கு இருந்த வழி அதுதான். அவள் ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்ந்து நின்றாள். அவர் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார். கடைசியில் கையை நீட்டி, காலரை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துத் தடவினார்.

"என்ன கலரு?"

"பச்சை. கொஞ்சம் நீலம் கலந்தது."

"நல்லா இருக்கும்" என்றார்.

நல்லா இருக்கு என்று அவர் சொல்லவில்லை. வார்த்தையை அளந்து பேசுகிற மனிதர். அவள் விலைச்சீட்டு ஏதோ உறுத்துகிறது என்று அறைக்குள் போய், சற்று நேரம் கழித்து வந்தாள்.

மைதானத்தில் அவள் முதலில் ஒன்றுக்கும் உதவவில்லை. பந்து அங்கே போனது என்பாள். அங்கே என்றால் எங்கே என்பார் அவர். மரத்துக்குப் பக்கத்தில் என்றால், எந்த மரம், முன்னாலா பின்னாலா என்பார். போகப்போகப் பழகினாள். ரத்தத் துளியில் அணுக்களைத் தேடிப் பழகிய கண் பந்தை விடவில்லை. இடது பக்கம் மணல் குழிக்கு முன்னால், புல் உயரமாக இருக்கும் இடத்தில் என்று அவள் சொன்னதும் அவர் தலையை ஆட்டிக்கொண்டு அந்தத் திசையில் நடப்பார். நிலம் முழுக்க அவர் மனதில் இருந்தது.

நீயும் அடித்துப் பார் என்று அவரே ஒரு மட்டையைக் கையில் கொடுத்தார். அவள் காற்றை அடித்தாள். மண்ணைப் பெயர்த்தாள். பந்து இரண்டடி உருண்டு, வெட்கப்பட்ட மாதிரி நின்றது. அவர் அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, இடுப்பை இறுக்காதே என்றார். வாரங்கள் போயின. உடுப்பு, இடுப்புச் சதை எதையும் அங்கே ஒருவரும் கவனிக்கவில்லை என்பது அவளுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. இதற்கா இத்தனை வருஷம்?

ஒரு காலை மட்டை பந்தைத் தொட்டதே கையில் தெரியவில்லை. டக்கென்று சுத்தமாக ஒரு சத்தம். பந்து கிளம்பி மரங்களுக்கு மேலே ஏறி, நீல வானத்தில் ஒரு புள்ளியாக நின்று, பிறகு இறங்கியது. பந்து போய்ச் சேர வேண்டிய குழியில் நட்டிருந்த கொடிக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்து உருண்டது.

"நல்ல சத்தம்" என்றார் அவர். "எங்க போச்சு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் முகம் மலர்ந்திருந்தது, பந்து போகாத பக்கம் பார்த்து. நேராப் போச்சு, கொடிகிட்ட என்று சொன்னாள். இன்னும் சொல்லு என்றார். எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் மேலே நின்றது, விழுந்தபின் எந்தப் பக்கம் உருண்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் சொன்னாள். பார்த்ததில் கால்வாசிகூட வார்த்தையில் வரவில்லை.

"நான் முன்னாடியே வந்திருக்கணும்" என்றாள்.

"ஆமா" என்றார் அவர். "வந்திருக்கணும்."

பரவாயில்லை என்றோ, இப்போதாவது வந்தாயே என்றோ சொல்வார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அவர் சொல்லவில்லை. தன் பந்தை வைக்கச் சொல்லிவிட்டு, காலை அகட்டி நின்றார்.

அடுத்த மழைக்காலத்தில் ஈரச் சரிவில் வழுக்கி விழுந்து அவருக்கு மணிக்கட்டு ஒடிந்தது. எலும்பு கூடியும் பிடி கூடவில்லை. போதும் என்று அவரே முடிவு கட்டினார். ஆனால் அவளை நிறுத்த விடவில்லை. புதிதாக ஆடும் பெண்களோடு அவள் போனாள். என்ன உடுத்துவது என்று அவளிடம்தான் இப்போது மற்றவர்கள் கேட்டார்கள்.

அப்படி ஒருநாள் ஆட்டம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது, சர்வேயரோடு முன்பு விளையாடிய பல் டாக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குளத்தைத் தாண்டி உங்கள் வீட்டுக்காரர் ஒரே அடியில் கொடிக்குப் பக்கத்தில் போட்டாரே, அதை நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார். அன்று எல்லாரும் ஆட்டத்தை நிறுத்திக் கை தட்டினார்களாம். அவர் வீட்டில் வந்து சொல்லியிருப்பாரே என்றார். அவள் சிரித்து வைத்தாள். எந்த ஞாயிறு என்றே அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"குளத்தைத் தாண்டி அடிச்சீங்களாமே. என்கிட்ட சொன்னீங்களா?"

"அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்."

"இப்ப சொல்லுங்க."

அவர் யோசித்தார். எதிர்க்காற்று என்றார், இல்லை, பக்கக் காற்று என்று திருத்தினார். எந்த மட்டை எடுத்தார் என்பது நினைவில் இருந்தது. தண்ணீருக்கு மேலே பந்தின் நிழல் போனது நினைவிருந்தது. கை தட்டினார்களா என்று கேட்டதற்கு, தட்டியிருக்கலாம் என்றார். அவள் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, மேலே சொல்லுங்கள் என்றாள். மீதி அவருக்கும் மறந்து போயிருந்தது.