முப்பதாம் நோன்பு

என் கணவர் ருஷ்திக்கு இரண்டு சம்சாரம். ஒன்று நான், மற்றது சந்திரன். வெளிநாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்று சந்திரனில் இறக்கவிருந்த ஆளில்லா விண்கலத்துக்காக, எங்கள் கட்டுகஸ்தோட்டை வீட்டின் மேல் அறையில் உட்கார்ந்தபடியே மூன்று வருடமாக வேலை செய்தார். தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கலம் கண்டறியும் மென்பொருள் அவருடையது. அது பிசகினால் எல்லாம் போச்சு.

இறங்கும் நாள் இருபத்தொன்பதாம் நோன்பாக வாய்த்தது. அன்று மாலை ஊரே பெருநாள் பிறையைத் தேடும். அதே பிறையின் ஓரத்தில்தான் கலம் இறங்குமாம். இங்கே பொழுது சாய, அங்கே அப்போதுதான் விடியுமாம். அதைக் கேட்டதிலிருந்து என் கால் தரையில் படவில்லை. இரண்டு நல்ல செய்தியும் ஒன்றாகவே வரும் என்று முடிவுகட்டி, பெருநாள் இனிப்புக்கு வட்டிலப்பமும் அவித்து வைத்தேன்.

நோன்பு திறந்ததும் ருஷ்தி கஞ்சியைத் தொடாமல் மடிக்கணினியோடு மொட்டைமாடிக்கு ஏறினார். நானும் போனேன். மேற்கே மலைகளை மேகம் மூடியிருந்தது. மகாவலி ஆற்றுப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. திரையில் உயரத்தைக் காட்டும் எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. நானும் அவற்றோடு மெல்ல மெல்ல இறங்குவதுபோல் இருந்தது. திடீரென எண்கள் நின்றன. பிறகு ஒன்றும் வரவில்லை.

தரை வந்துவிட்டதென்று நம்பி, கலம் உயரத்திலேயே நின்று எரிபொருளைத் தீர்த்து விழுந்திருக்க வேண்டும் என்றார். "என்ட பிழை."

பள்ளிவாசல் ஒலிபெருக்கி, பிறை தென்படவில்லை, நாளையும் நோன்பு என்றது.

இனி இந்த வேலையே வேண்டாம், விலகிவிடுகிறேன் என்றார். மூன்று வருடமாக நான் கரித்துக்கொட்டிய வேலை அது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

"பிறையக் காணல்லெண்டா பிறையே இல்லெண்டா சொல்றோம்? நாளைக்கும் நோன்பப் பிடிச்சிட்டு, திரும்பவும் மாடிக்கு வாறல்லயா?" என்றேன்.

அவர் கீழே இறங்கி, ஆறிப்போன கஞ்சியை மட்டும் குடித்தார்.

மறுநாள் மாலை வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. யாரும் காட்டாமலே பிறை தெரிந்தது. அக்கம்பக்கத்து மாடிகளில் எல்லோரும் துஆ ஓதினார்கள். ருஷ்தி வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, அதன் ஓரத்தை விரலால் காட்டினார்.

"அந்தா, அதிலதான் கிடக்கு. அடுத்ததையும் அதுக்குப் பக்கத்திலயே இறக்கணும்."

நான் கையேந்தினேன். முதல் தடவையாக, என் சக்களத்திக்கும் சேர்த்து துஆ கேட்டேன்.