பத்து மணிக் குறிப்புகள்

சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் மூன்று பேர் தொலைக்காட்சி முன் உட்காருவோம். அம்மா பிரம்பு நாற்காலியில். என் கணவர் தரையில், சுவரில் சாய்ந்து. நான் சோபாவின் ஓரத்தில், மடியில் ஒரு கோடு போட்ட நோட்டுடன். அவர்கள் இருவரும் சிரிப்பதற்காக உட்காருவார்கள். நான் குறை கண்டுபிடிப்பதற்காக.

நிகழ்ச்சியின் பெயர் 'வாய்க்கு வந்தது'. எழுதி வைத்த வசனம் கிடையாது. தொகுப்பாளர் கூட்டத்தைப் பார்த்து ஒரு சொல் கேட்பார். யாரோ 'குடை' என்று கத்துவார்கள். உடனே இரண்டு பேர் மேடைக்கு வந்து அந்தக் குடையிலிருந்து ஒரு நாடகத்தை உண்டாக்கிச் சிரிக்க வைக்க வேண்டும். மொத்தம் ஆறு பேர் கொண்ட குழு. அதில் ஒருத்தி என் தங்கை. அம்மாவுக்கு நான் பெரியவ, அவள் சின்னவ. மேடைக்கும் அவள் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டதால் இப்போது முன்பின் தெரியாதவர்கள்கூட அவளைச் சின்னவ என்கிறார்கள். பெரியவ என்ற பெயர் எங்கள் வாசலைத் தாண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் போன் செய்வாள்.

"சொல்லுக்கா. எங்க சொதப்பினேன்?"

நோட்டைப் பார்த்துப் படிப்பேன். இரண்டாவது சுற்றில் கேமராவுக்கு முதுகைக் காட்டினாய். கூட நடிக்கும், ஒட்டடைக்குச்சி என்று மேடைப்பெயர் வைத்துக்கொண்ட ஒல்லிப் பையன் பேசி முடிப்பதற்குள் குறுக்கே போனாய். கிழவி வேஷத்துக்குப் போன வாரக் குரலையே போட்டாய். அவள் 'ம், ம்' என்று எழுதிக்கொள்வாள். அடுத்த வாரம் அந்தத் தப்பு இருக்காது. "எங்க கோச்சைவிட நீதான்கா சரியாப் பார்க்கற" என்பாள். பார்க்கத்தான் செய்தேன். பிடித்தவர்களின் குறை கண்ணில் படாது என்பார்கள். எனக்கு அவளைப் பிடிக்கும், குறையும் படும். இரண்டும் எப்படி ஒரே இடத்தில் இருக்கின்றன என்று நான் ரொம்ப நாள் யோசித்துப் பார்க்கவில்லை.

அந்தக் குழுவுக்கான விளம்பரத்தை முதலில் பார்த்தது நான். தேர்வுக்குத் தனியாகப் போகக் கூச்சமாக இருந்ததால் அவளைத் துணைக்கு அழைத்துப்போனேன். அங்கே ஜோடியாகத்தான் நடிக்கச் சொன்னார்கள். அந்த நடிப்புக்கு ஒரே ஒரு சட்டம்தான். எதிரில் இருப்பவர் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். 'ஆமா' என்று ஏற்று, 'அப்புறம்' என்று மேலே கொண்டுபோக வேண்டும். சின்னவ மேடைக்குள் தயங்கித் தயங்கி வந்து என்னிடம் சொன்னாள்: "டாக்டர், ரெண்டு நாளா என் நிழலைக் காணோம்."

நான் சொன்னேன்: "நான் டாக்டர் இல்ல, குழாய் ரிப்பேர் பண்ண வந்தவ."

கூடம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு நாடகம் ஒரு அடிகூட நகரவில்லை. காணாமல் போன நிழலுடன் அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். முடிந்ததும் கோச் என்னை ஓரமாக அழைத்துச் சொன்னார்: "சிரிப்பு வந்துச்சு, நான் இல்லேங்கல. ஆனா அவங்க ஒரு கதவைத் திறந்தாங்க, நீங்க சாத்திட்டீங்க." மறுவாரம் அவளுக்கு மட்டும் அழைப்பு வந்தது.

நான் கண்ணாடிக் கடைக்குத் திரும்பினேன். கண்ணைப் பரிசோதித்து, பவர் பார்த்து, ஃப்ரேம் பொருத்திக் கொடுப்பது என் வேலை. ஒரு நாளைக்கு நூறு தடவை "இப்ப தெளிவா இருக்கா, இல்ல முன்னாடி இருந்ததா?" என்று கேட்பேன். நல்ல வேலை. அதில் எனக்குக் குறை இருந்ததில்லை, சனிக்கிழமைகள் வரும்வரை.

இந்தக் கடையில் நடந்த ஒன்றைத்தான் சின்னவ மேடையில் செய்தாள்.

ஒரு பேருந்து ஓட்டுநர் கண் பரிசோதனைக்கு வந்தார். வெளியே காத்திருந்த நேரத்தில், கதவிடுக்கு வழியாக, சுவரில் இருக்கும் எழுத்து அட்டையை மேலிருந்து கீழ்வரை மனப்பாடம் செய்துவிட்டார். உள்ளே வந்து கடகடவென்று ஒப்பித்தார். எனக்குச் சந்தேகம் வந்து அட்டையைத் திருப்பினேன். பின்பக்கம் வேறு எழுத்துகள். அவர் அப்போதும் பழைய எழுத்துகளையே ஒப்பித்தார். சின்னவளும் வந்திருந்த ஒரு நாள் இதை நான் வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன். அட்டையைப் பற்றி, அது ஏன் இரண்டு பக்கம் என்பதைப் பற்றி, அவருக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் பற்றி எல்லாவற்றையும் விளக்கினேன். அம்மா "பாவம்" என்றாள். என் கணவர் மோர் கேட்டார். சின்னவ மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து, தொகுப்பாளர் சொல் கேட்டபோது கூட்டத்தில் ஒருவர் 'பயம்' என்றார். சின்னவ தொப்பியைச் சரிசெய்வது போல ஒரு சைகையுடன் வந்து நின்றாள். ஒட்டடைக்குச்சி கண் பரிசோதிப்பவன் ஆனான். அவள் எழுத்துகளை ஒப்பித்தாள். அவன் இல்லாத அட்டையைத் திருப்பினான்.

அவள் பேசவில்லை. சும்மா சுவரைப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கவில்லை, கையைப் பிசையவில்லை. தொலைக்காட்சிக்கு மேலே இருந்த கடிகாரத்தில் நான் எண்ணினேன். நான்கு விநாடி.

"ஏன் இவ பேசாம நிக்கறா? மறந்துட்டாளா?" என்றாள் அம்மா.

சின்னவ மெல்லச் சொன்னாள்: "போன வாரம் இங்க வேற ஒண்ணு இருந்துச்சே."

என் கணவர் சுவரில் தலையை இடித்துக்கொண்டு சிரித்தார். அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர். தொலைக்காட்சிக்குள் அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். "இது நீ ஒரு நாள் சொன்னதுதானே? நீ சொன்னப்ப இவ்வளவு சிரிப்பா இல்லையே."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன்.

அன்று நோட்டில் எழுத எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த நான்கு விநாடியைப் போல ஒன்றை நான் பார்த்ததே இல்லை. அது என் கடையிலிருந்து போனது. என் சாப்பாட்டு மேஜையிலிருந்து போனது. ஆனால் அந்த மௌனம் மட்டும் என்னுடையதில்லை. அதுதான் எரிந்தது.

மறுநாள் பத்து மணிக்குப் போன் வந்தது.

"ஒண்ணே ஒண்ணுதான்" என்றேன். "பேசறதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் சும்மா நிக்கற. வீட்ல உட்கார்ந்து பார்க்கறவங்களுக்கு நீ மறந்துட்ட மாதிரி இருக்கு. அம்மாவே கேட்டாங்க."

"அப்படியா? கோச் அதைத்தான் நல்லா இருக்குன்னாரு."

"அவர் மேடை ஓரத்துல நின்னு பார்க்கறார். நான் ஜனங்க பார்க்கற இடத்துலேர்ந்து பார்க்கறேன். டக்குனு பேசு. வாய்க்கு வந்ததுன்னுதானே பேரு? யோசிச்சு வந்ததுன்னா பேரு?"

அவள் சிரித்தாள். எழுதிக்கொண்டாள். பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, எனக்கு அது அவ்வளவு சுலபமாக வந்தது. அம்மா கேட்டது உண்மை என்பதால் நான் சொன்னது பொய் இல்லை என்றுகூட அன்று முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் டக்கென்று பேசினாள். எல்லாவற்றுக்கும் டக்கென்று பேசினாள். சொல் 'பூட்டு'. சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்கும் கணவன் மனைவி. ஒட்டடைக்குச்சி "சாவி உன்கிட்ட..." என்று ஆரம்பிக்கும்போதே பதில் சொன்னாள். அவன் அடுத்ததைத் தேடுவதற்குள் இன்னொன்று சொன்னாள். அவன் அவள் பின்னால் மூச்சிரைக்க ஓடுவது போல இருந்தது. கூட்டம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிரித்தது. "சின்னவங்க கடைசி பஸ்ஸைப் பிடிக்கணும்போல" என்றார் தொகுப்பாளர். அதற்குத்தான் பெரிய சிரிப்பு வந்தது.

முடிவில் அவர் அறிவித்தார். அடுத்த வாரத்தோடு ஆறு பேரில் இரண்டு பேர் விலகுவார்கள். ஆபத்தில் இருக்கும் மூன்று பேரின் முகங்களைத் திரையில் காட்டினார்கள். அதில் ஒன்று சின்னவளுடையது.

என் வயிறு குளிர்ந்தது. அதை மறைக்க மாட்டேன். ஒரு விளம்பர இடைவேளை நேரம் அந்தக் குளிர்ச்சி இருந்தது. பிறகு அம்மா, "குழந்தைக்கு உடம்பு சரியில்லையோ என்னமோ, நாளைக்கு நீ கேளு" என்றாள். முப்பத்திரண்டு வயதுக் குழந்தை. நான் நோட்டை மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளே பேச்சைத் தொடங்கினாள். "நீ சொன்னதை நான்தான் சரியாப் பண்ணலக்கா. இன்னும் கொஞ்சம் வேகமாப் பண்ணிப் பார்க்கட்டுமா?"

"ம்" என்றேன். அதைத்தான் சொன்னேன். ஒரே ஒரு எழுத்து.

சனிக்கிழமை வரும் நிகழ்ச்சிக்குப் புதன்கிழமையே அவர்களுக்கு ஒளிப்பதிவு. திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் முதல் ஆளாக அந்த ஓட்டுநர் உள்ளே வந்தார். கண்ணாடி போட்டிருந்தார். மூக்கில் அழுத்துகிறது, சரிசெய்ய வேண்டும் என்றார். இப்போது ஓட்டுவதில்லை, டிப்போவில் நேரம் குறிக்கும் வேலையாம். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியை வாங்கிக்கொண்டேன்.

"டிவியில வந்தது நான்தானேம்மா?"

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். "மன்னிச்சுக்குங்க. என் தங்கச்சிதான் அது. வீட்ல பேச்சுவாக்குல சொல்லிட்டேன்."

"அட, அதுக்கு ஏன்? என் சம்சாரம் விழுந்து விழுந்து சிரிச்சா. 'உங்களை மாதிரியே ஒரு திருடன்'னா." சிரித்தார். பிறகு எதிரே இருந்த அட்டையைப் பார்த்தார். "ஆனா அந்தப் பொண்ணு பேசாம நின்னுச்சு பாருங்க. அப்ப எனக்கு வேர்த்துடுச்சு. அன்னைக்கு நீங்க அட்டையைத் திருப்பினப்ப, மறுபடி ஒப்பிக்கறதுக்கு முன்னாடி, நான் அப்படித்தான் நின்னேன். ஒரு எழுத்தும் தெரியல. தெரியலன்னு சொல்லவும் முடியல. அது எப்படி அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சுது? நீங்க சொன்னீங்களா?"

நான் சொல்லவில்லை. நான் அதைப் பார்க்கவே இல்லை. ஒரு கை தூரத்தில் நின்று, அவர் கண்ணுக்குள் விளக்கு அடித்துக்கொண்டிருந்தவள் நான். அட்டையைத் திருப்பிய என் சாமர்த்தியத்தைத்தான் அன்று பார்த்தேன். அதைத்தான் வீட்டில் வந்து சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த சின்னவ, நான் சொல்லாமல் விட்ட இடத்தில் அந்த மனிதரைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

கண்ணாடியின் மூக்குத் தாங்கியை விரித்துக் கொடுத்தேன். அவர் போனதும் பின்னறைக்குப் போனேன். அங்கே லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு அவளுக்குப் போன் செய்தேன்.

"என்னக்கா, திங்கட்கிழமை?"

"நான் சொன்னது பொய்."

"எது?"

"நிக்காத, டக்குனு பேசுன்னு சொன்னது. நீ நின்னதுதான் அதுல உசிரு. தெரிஞ்சேதான் அப்படிச் சொன்னேன்."

அவள் பேசவில்லை. அறையில் கடிகாரம் இல்லை. மனதுக்குள் எண்ணினேன். நான்கு தாண்டியது, எட்டு தாண்டியது. அந்த மௌனத்துக்கு எதிரில் நிற்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. எதையாவது சொல்லித் தப்பிக்கலாம் என்று தோன்றியது. ஒரு வேடிக்கைகூட வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

"ஆமா" என்றாள். "அப்புறம்?"

"அப்புறம் என்ன? எனக்கு வயித்தெரிச்சல். அவ்வளவுதான்."

"தெரியும்கா. பூட்டு சீன்ல ரெண்டாவது வரி பேசறப்பவே தெரிஞ்சுடுச்சு."

"அப்ப ஏன்டி அப்படியே பண்ணின?"

"கொடுத்தா வாங்கிக்கணும். பாதியில தூக்கிப் போடக் கூடாது."

"நேத்து கேட்டிருக்கலாமே. இன்னும் வேகமாப் பண்ணட்டுமான்னு வேற கேட்ட."

"நீயே சொல்லுவியான்னு பார்த்தேன். நீ 'ம்'னு சொல்லிட்ட." குரல் லேசாக இறங்கியது. "இந்த ஞாயித்துக்கிழமை நான் போன் பண்ணமாட்டேன்கா. கோவிச்சுக்காத."

கோவித்துக்கொள்ளாதே என்று அவள் என்னிடம் சொன்னாள்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு மூவரும் உட்கார்ந்தோம். பழக்கத்தில் நோட்டை எடுத்து வைத்திருந்தேன். சொல் 'கடிதம்'. ஒட்டடைக்குச்சி தபால்காரனாக வந்து, இல்லாத உறை ஒன்றை நீட்டி, "உங்களுக்குத்தான், ஆனா நீங்க எழுதினது" என்றான். சின்னவ வாங்கிக்கொண்டாள். பிரித்தாள். நின்றாள்.

"மறுபடியும் மறந்துட்டாளா?" என்று அம்மா பதறினாள்.

"இரும்மா."

ஏழு விநாடி. பிறகு உறையை மடித்து அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். "கையெழுத்து கேவலமா இருக்கு. நல்லா எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்க."

நான் சிரித்துவிட்டேன். வாயைப் பொத்துவதற்குள் வெளியே வந்துவிட்டது. என் கணவர் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சிரிப்பு அடங்கியதும், விட்ட இடத்திலிருந்து பழைய எரிச்சல் மெல்ல எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அது போகும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. விலகிய இரண்டு பேரில் அவள் இல்லை. நோட்டில் ஒரு வரி எழுதினேன்: ஏழு விநாடி, ஒன்றைக்கூடக் குறைக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி ஆயிற்று. போன் அடிக்கவில்லை. பத்தேகால் ஆயிற்று. அவர் செய்தித்தாளைத் தாழ்த்தி என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி உயர்த்திக்கொண்டார். நான் எழுந்துபோய் நானே அழைத்தேன்.

எடுத்துவிட்டாள். பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. நோட்டில் இருந்த ஒரே வரியைப் படித்துக் காட்டினேன். அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. இம்முறை நான் எண்ணவில்லை. போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன, லைன் கட்டாயிடுச்சா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன். "இருக்கா."