ஐந்தாவது ரீல்

ஒரே படம், ஒரே ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவின் ஈயச்சுரங்கப் பக்கத்தில் இரண்டு ஊர்கள். ஆனால் படப்பெட்டி ஒன்றுதான். ஈப்போவிலும் ஓட வேண்டும், பத்து காஜாவிலும் ஓட வேண்டும். எப்படி? மோட்டார் சைக்கிளில்தான்.

படம் என்பது ஒரே நீளச் சுருள் இல்லை. ஆறு ரீல்கள். ஒவ்வொன்றும் இருபது நிமிஷம் ஓடும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டத் தகர டப்பா. ஈப்போவில் ஒரு மணிக்குப் படம் போட்டால் ஒன்று நாற்பதுக்கெல்லாம் முதல் இரண்டு ரீல்களுக்கு அங்கே வேலை முடிந்துவிடும். அவற்றைத் திருப்பிச் சுற்றி, டப்பாவில் போட்டு, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு புறப்பட்டால் முப்பத்தைந்து நிமிஷத்தில் பத்து காஜா. அங்கே ஆட்டம் இரண்டரைக்கு. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு ஆள் மூன்றையும் நான்கையும் கொண்டுவந்து இறக்குவான். முதல் ஆள் ஈப்போவுக்குத் திரும்பிப் போய் ஐந்தையும் ஆறையும் எடுத்து வருவான். நான்காவது ரீல் முடிய மூன்று ஐம்பது ஆகும். மூன்று நாற்பதுக்குள் அவன் வந்து நிற்க வேண்டும். நடுவில் இருப்பது பத்து நிமிஷ இடைவெளி.

1978-இல் அந்த முதல் ஆள் ஜெயபாலன். அன்றைக்கு ஓடியது வேற்றுக்கிரகத்து ஆட்கள் பறக்கும் கப்பல்களில் வந்து பூமியைப் பிடிக்கும் இங்கிலீஷ் படம். ஊரே திரண்டு வந்திருந்தது. பத்து காஜா தியேட்டர் வாசலில் நின்ற கூட்டத்தில் அவனுடைய சிநேகிதன் சின்னையா கையை ஆட்டியதைப் பார்த்துவிட்டுத்தான் ஜெயபாலன் இரண்டாவது நடைக்காக ஈப்போவுக்கு வண்டியைத் திருப்பினான்.

திரும்பி வரும்போது பாதி வழியில், லகாட்டில் மழை பிடித்துக்கொண்டது. ரீல் நனைந்தால் வேலை போய்விடும். ஒரு முடிவெட்டும் கடையில் ஒதுங்கினான். உள்ளே கேரம் ஓடிக்கொண்டிருந்தது. மழை எட்டு நிமிஷத்தில் விட்டுவிட்டது. ஜெயபாலன் விடவில்லை. சிவப்புக் காய் அவன் பக்கத்து மூலையில், குழிக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் கிடந்தது. இந்த ஒரு ஆட்டம், முடிந்ததும் கிளம்பிவிடலாம் என்று உட்கார்ந்தான்.

பத்து காஜாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு பத்து. திரையில் 'சற்றுப் பொறுக்கவும்' ஸ்லைடு இருபது நிமிஷமாக நின்றுகொண்டிருந்தது. உள்ளே விசில், கால் தட்டல், கெட்ட வார்த்தை. வெளியே நாலே முக்கால் ஆட்டத்துக்கான தமிழ்ப்படக் கூட்டம். ஆபரேட்டர் சீனி டப்பாவைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

"ரெண்டையும் ஓட்டினா நாலு அம்பது ஆயிரும்லா. அஞ்சை விடு, ஆறைப் போடு."

"அண்ணே, கதை?"

"கதையை நீ கேரம்ல பாத்தியா? கையெல்லாம் பவுடரு!" சீனி ஆறாவது ரீலை மாட்டினார். "ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. மேனேஜர் ஊருல இல்ல. வாயைத் தொறந்த, நம்ம ரெண்டு பேருக்கும் வேலை இல்ல."

அப்படித்தான் அன்றைக்கு பத்து காஜாவில் அந்தப் படம் ஐந்து ரீலில் முடிந்தது.

ஐந்தரை மணிக்குக் கோப்பிக்கடையில் மேசை போட்டு அரட்டை அடித்தார்கள். பத்துமலை அண்ணன் லாரி ஓட்டுகிறவர். வயிரவன் துணிக்கடை முதலாளி வீட்டுப் பிள்ளை. பார்த்ததையும் சொல்வான், பார்க்காததையும் சேர்த்தே சொல்வான். சின்னையா எஸ்டேட்டு ரப்பர் ஆலையில் எஞ்சின் பக்கம் வேலை. அடுத்த மாதம் பாய்லர் ஓட்டும் உரிமத்துக்கான எஞ்சின் டிரைவர் சோதனை எழுத இருந்தான். எந்த இயந்திரத்தையும் கழற்றாமலே பிரித்துக் காட்டுகிற வாய் அவனுக்கு. ஜெயபாலன் கடைசியாக வந்து உட்கார்ந்து பால் இல்லாத தே ஓ ஒன்று சொன்னான்.

"எனக்கு ஒண்ணுதான்லா புரியல," என்றார் பத்துமலை. "அவ்வளவு தூரத்துல இருந்து வாரான். வந்து நேரா அமெரிக்காவுல எறங்குறான். ஏன், நம்ம ஈயம் அவனுக்கு வேணாமா?"

"நம்ம ஈயம் தீந்துக்கிட்டு வருதுன்னு அவனுக்கும் தெரியும்ணே," என்றான் வயிரவன்.

"சரி, வந்த மொத ஆளே இங்கிலீஷ் பேசுறானே? எனக்கு அறுபது வருஷமா வரல."

சிரிப்பு அடங்கும்வரை சின்னையா காத்திருந்தான். "அண்ணே, அதெல்லாம் விடுங்க. நாலு ரீல் வரைக்கும் அந்த டாக்டரை மீன் வைக்கிற ஐஸ் ரூம்ல பூட்டி வச்சிருக்கான். மேல நூறு கப்பல் நிக்குது. ஒண்ணையும் ஒண்ணும் பண்ண முடியல. அடுத்து என்ன? டாக்டர் மலை மேல நிக்கிறாரு, கையில கட்டு. கப்பலெல்லாம் பொத்து பொத்துன்னு விழுது. யாரு தொறந்து விட்டா? கையில எப்படிக் கட்டு? கப்பல் ஏன் விழுந்துச்சு?"

"படம்னா அப்படித்தான்லா," என்றார் பத்துமலை.

"இல்லண்ணே. ஒரு ரீல் முடியப்போறப்ப திரையோட வலது மேல் மூலையில ஒரு புள்ளி வரும். மெஷினைத் தயார் பண்ணுன்னு அர்த்தம். கொஞ்ச நேரத்துல இன்னொரு புள்ளி, அப்ப அடுத்த மெஷினுக்கு மாத்தணும். நான் எப்பவும் அதைப் பாப்பேன். ஸ்லைடு எடுத்ததுக்கு அப்புறம் மாத்துற புள்ளியே வரல. ஒரு ரீலைத் தாண்டிட்டாங்க." சின்னையா திரும்பினான். "மச்சான், நீதானே கொண்டுவந்த? ஆறும் ஓடுச்சா?"

மூன்று பேரும் ஜெயபாலனைப் பார்த்தார்கள். தேத்தண்ணீர் சுட்டது. சீனியின் முகம் நினைவுக்கு வந்தது. கூடவே வீட்டில் இருக்கும் இரண்டு தங்கச்சிகளும் நினைவுக்கு வந்தார்கள்.

"லேட்டாத்தான் வந்துச்சு. ஆனா ஆறும் ஓடுச்சு மச்சான்."

"நெசமா?"

"நான்தானே கொண்டுவந்தேன்."

வயிரவன் தொடையில் தட்டினான். "நான் பாத்தேனே! டாக்டர் சண்டை போட்டாரு, கையில அடி. பெரிய சண்டைலா! நீ என் பக்கத்துலதான் சின்னையா உக்காந்திருந்த. கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்குனியா?"

"நீங்க பாத்தீங்களாண்ணே?" என்று சின்னையா பத்துமலையைக் கேட்டான். அவர் ஸ்லைடு போட்டதும் சுருட்டுப் பிடிக்க வெளியே போனவர், எப்போது திரும்பினார் என்று அவருக்கே தெரியாது.

சின்னையாவின் முகத்தில் ஏதோ அணைந்தது. ஜெயபாலன் அதைப் பார்த்தான். வாதத்தில் தோற்றுப்போன வருத்தம் என்று எடுத்துக்கொண்டான். சின்னையாவும் உடனே விட்டுவிடவில்லை. மெதுவாக, பாதி தனக்குத்தானே சொல்வதுபோல் ஒரு விளக்கம் சொன்னான்:

"கப்பலெல்லாம் ஒசரத்துலயே நிக்குது, பாத்தீங்களா? கீழ எறங்குனா ஐஸ் ரூம் பக்கம்தான் எறங்குது. அப்ப அவங்களுக்குச் சூடு ஆகாது. நம்ம லாரி கேமரன் மலை ஏறுனா ரேடியேட்டர் கொதிக்குதுல்ல, அதுமாதிரி நம்ம காத்து அவங்க எஞ்சினுக்குச் சூடு. ஐஸ் ரூம்ல இருந்துதான் குளிர் எடுக்குறாங்க. டாக்டர் அதைக் கொளுத்தியிருக்கணும். கையில கட்டு, அடிபட்டு இல்ல. தீக்காயம்."

"கிரகம் பேசுது, கேட்டுக்கங்கலா!" என்றான் வயிரவன். கடையே சிரித்தது. ஜெயபாலனும் சிரித்தான். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான்.

அன்றிலிருந்து சின்னையாவுக்குப் பேர் 'கிரகம்'. இரண்டு வாரம் வந்தான், பிறகு வரவில்லை. எஞ்சின் சோதனைக்கும் போகவில்லை என்று கேள்வி. பயந்துவிட்டான் என்றார்கள். அடுத்த வருஷம் பெண்டாட்டி நவமணியோடு ஆயர் தாவார் பக்கம் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குப் போய்விட்டான். ஜெயபாலனிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஏழு வருஷம் ஓடிவிட்டது. 1985-இல் ஜெயபாலன் ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் ஒரு வீடியோ கடையில் இருந்தான். ரீல் சுமந்த காலத்தில் எந்தப் படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. சுமக்கிறவனுக்கு ஓட்டம்தான், ஆட்டம் இல்லை. ஒரு நாள் கடைக்கு வந்த டேப்புகளில் அந்தப் படம் இருந்தது. மத்தியான நேரம், கடையில் ஆள் இல்லை. போட்டுப் பார்த்தான்.

ஐஸ் ரூம் வந்தது. டாக்டரைப் பூட்டினார்கள். அங்கிருந்து இருபது நிமிஷம் ஜெயபாலன் அசையவில்லை. கப்பல்களுக்குச் சூடு ஆகாது. ஐஸ் ரூமில் இருந்துதான் குளிர் எடுக்கிறார்கள். டாக்டர் எண்ணெய் டின்னைக் கவிழ்த்துக் கொளுத்துகிறார். வெளியே ஓடி வரும்போது முழங்கை வரை தீ.

சண்டையே இல்லை. சின்னையா சொன்னது அத்தனையும் அப்படியே இருந்தது. பார்க்காத ரீலை அவன் வாயாலேயே ஓட்டிக் காட்டியிருக்கிறான், சுற்றி உட்கார்ந்து சிரித்திருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு ஜெயபாலன் டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஆயர் தாவாருக்கு வண்டியை விட்டான். லகாட்டில் முடிவெட்டும் கடை இருந்த இடத்தைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டினான்.

செம்பனை நிழலில் வரிசை வீடுகள். சின்னையா வாசலில் அரிவாளுக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தான். முடி நரைத்திருந்தது. "மச்சான்!" என்று எழுந்தான். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கத்தான் ஜெயபாலனுக்குக் கஷ்டமாக இருந்தது.

வீட்டில் வீடியோ இல்லை. ஆகையால் ஜெயபாலன் வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஐஸ் ரூமில் தொடங்கி மலை வரைக்கும், வராத ரீலை வரிசையாகச் சொன்னான். சின்னையா குறுக்கே குறுக்கே கேட்டான்: "குழாய் வழியாவா குளிர் எடுத்தாங்க? எண்ணெய் எங்க இருந்துச்சு?" கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது. "பாத்தியா, தீக்காயம்தான்! நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்ன மச்சான். புள்ளி வரலன்னும் சொன்ன. அதுவும் சரிதான். அந்த ரீலை நாங்க ஓட்டல. நான் கேரம் ஆடி லேட்டாயிட்டேன்."

சாணைக்கல் மேல் தண்ணீர் சொட்டுவது நின்றது. சின்னையா கல்லை ஒதுக்கி வைத்தான்.

"அப்ப நான் எங்கயும் போகல," என்றான்.

"என்ன?"

"எங்கப்பாவுக்கு வலிப்பு இருந்துச்சு, தெரியும்ல? கை கால் வெட்டுறது கொஞ்சம்தான். நின்ன மேனிக்கே காணாமப் போயிருவாரு. கண்ணு தொறந்திருக்கும், ஆளு இருக்க மாட்டாரு. அப்படி நின்னப்பதான் ரப்பர் ஷீட்டு காயவைக்கிற புகைக்கூட்டு அடுப்புல விழுந்தாரு." அரிவாளைச் சுவரோரம் சாய்த்தான். "வயிரவன் சொன்னான், கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்குனியான்னு. நீ சொன்ன, ஆறும் ஓடுச்சுன்னு. சரி, எனக்கும் வந்துருச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். பாய்லர் பக்கத்துல அப்படி ஒரு ஆளு நிக்கலாமா? அதான் சோதனை எழுதல. என் மோட்டார் சைக்கிளையும் வித்துட்டேன்."

உள்ளேயிருந்து நவமணி வந்து கதவோரம் நின்றாள். "அவ்வளவுதானாண்ணே?" என்றாள். "பிள்ளைய ஒரு நாள்கூட நின்னுக்கிட்டுத் தூக்குனதில்ல. தரையில உக்காந்தாத்தான் மடியில வாங்குவாரு."

"ஆஸ்பத்திரிக்குப் போகலயா?" என்று கேட்டான் ஜெயபாலன். கேட்டதும் அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"போனேன். ஒண்ணும் தெரியல, மறுபடி வந்தா வான்னாங்க. அப்புறம் வரவே இல்ல. வராததுக்குக் காரணம் நான் சாக்கிரதையா இருக்குறதுதான்னு நெனச்சேன்." சின்னையா அவனைப் பார்த்தான். முகத்தில் கோபம் இல்லை. ஒரு இயந்திரம் எங்கே நின்றது என்று தேடுகிற பார்வை. "வேலை போயிரும்னுதான் நீ சொல்லல. சரி. அந்த வேலை எப்பப் போச்சு?"

"அடுத்த வருஷமே. தியேட்டரை மூடிட்டாங்க."

"அதுக்கப்புறம் ஆறு வருஷம்."

அன்றைக்கு லகாட்டில் மழை எட்டு நிமிஷத்தில் விட்டிருந்தது. மீதி நேரத்துக்கு ஜெயபாலன்தான் பொறுப்பு.

சின்னையாவின் மகள் வந்து மோட்டார் சைக்கிளைத் தொட்டுப் பார்த்தாள். ஆறு வயசு இருக்கும். "அப்பா, ஏறலாமா?"

சின்னையா கையை நீட்டினான். ஜெயபாலன் சாவியைக் கொடுத்தான். மகளை முன்னால் டேங்கின் மேல் உட்காரவைத்து, தானும் ஏறி, மிதித்தான். முதல் மிதியிலேயே எஞ்சின் பிடித்தது. தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டான். "செயின் லூஸா இருக்கு," என்றான். காது அப்படியேதான் இருந்தது. எல்லாம் அப்படியேதான் இருந்தது. நவமணி புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிளட்சைப் பிடித்த விரல்கள் விடவில்லை. பாதையில் ஆள் இல்லை, மாடு இல்லை. நேரான செம்மண் பாதை. வண்டி நகரவில்லை.

எஞ்சினை அணைத்தான். மகளை இறக்கிவிட்டான்.

"பழகிப்போச்சு மச்சான்," என்று சொல்லிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தான். "நீ வேணா இவளை ஒரு சுத்து கூட்டிட்டுப் போயிட்டு வா. மெதுவா."

ஜெயபாலன் அந்தப் பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு வரிசை வீடுகளைச் சுற்றினான். அவள் சத்தம்போட்டுச் சிரித்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் தூரத்து வாசலில் சின்னையா தெரிந்தான். அரிவாளை எடுக்காமல், கண்ணை எடுக்காமல், நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.