நன்றி கேட்ட பாதை

பாங்காக் பெருத்துக்கொண்டே போயிற்று. அதன் வழிகளோ சிறுத்துக்கொண்டே வந்தன. வயல் இருந்த இடமெல்லாம் மதில் சூழ்ந்த குடியிருப்புகள் எழுந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரே வாயில், ஒரே காவலன், உள்ளே முட்டுச்சந்து. அடுத்த தெருவுக்குப் போகவும் நெடுஞ்சாலையைச் சுற்றியாக வேண்டும்.

ரம்பாயின் சந்து மட்டும் தப்பியிருந்தது. அதன் கோடியில் இருந்த தரிசு மனையின் ஊடே படகுத்துறைக்கு ஒரு பாதை ஓடியது. பத்தாண்டுகளுக்கு மேலாக அவள் மோட்டார் சைக்கிளில் சவாரி ஏற்றிச் சென்றது அதன் வழியேதான். அது அடைபட்டால் சுற்றுவழிக்குக் கூலி கொடுக்க அங்கே எவருக்கும் வசதி இல்லை. அவள் பிழைப்பு அன்றோடு முடியும்.

இன்று அந்தப் பாதைக்கு விளக்குப் போட்டிருந்தார்கள். விருந்தும் உண்டு. மனையை வைத்திருந்த நிறுவனம் கட்டிய பதாகை சொன்னது: 'நடக்க அனுமதி தந்த உரிமையாளருக்கு எங்கள் நன்றி.'

ரம்பாய் அதை இருமுறை படித்தாள்.

"வா புள்ள, ஒட்டரிசிச் சோறு ஆறிடும்," என்றார் பக்கத்து வீட்டு சோம்னுக், வாய் நிறைய மாம்பழத்தோடு.

"மாமா, இவங்க எதுக்கு நமக்குச் சோறு போடறாங்க?"

"சிரிச்சாலும் சந்தேகம், சோறு போட்டாலும் சந்தேகம்! உன் புருஷன் எப்படித்தான் காலம் தள்றானோ!"

எல்லாரும் சிரித்தார்கள். நிறுவனத்து ஆள் அதிதெப் மல்லிகை மாலையும் கையுமாக வந்தான்.

"அக்கா, இந்தப் பாதையில அதிகம் போறவங்க நீங்கதான். முதலாளிக்கு மாலையைக் கொடுத்து ஒரு கும்பிடு போடுங்க. படம் எடுத்துக்கலாம்."

ரம்பாய் கையை நீட்டவில்லை. "எதிர்ச்சந்துலயும் இப்படித்தான் படம் எடுத்தீங்களாமே? வழி கேட்டு ஜனங்க கோர்ட்டுக்குப் போனப்ப, அனுமதி வாங்கி நடந்தவங்களுக்கு உரிமை கிடையாதுன்னு அதையே காட்டினீங்களாம். காலையில என் வண்டியில ஏறினவங்க சொன்னாங்க. இப்ப அங்க மதில் நிக்குது."

அதிதெப் மாலையைத் தாழ்த்தினான். அவள் சோம்னுக்கைப் பார்த்தாள்.

"பத்து வருஷம் யாரையும் கேக்காம நடந்தா, வழி நடக்கறவனுக்குன்னு சட்டம் சொல்லுது. நாம யாரைக் கேட்டோம் மாமா?"

சோம்னுக் தட்டைக் கீழே வைத்தார். "இங்க நம்மளைப் பார்த்து ஒரு நாய்கூடக் குரைச்சதில்ல." பிறகு அதிதெப்பின் பக்கம் திரும்பினார். "தம்பி, மாம்பழத்துக்கு வேணும்னா நன்றி. நடந்ததுக்கு இல்ல."

மறுநாள் காலை பாதையின் குறுக்கே சங்கிலி கிடந்தது. ரம்பாய் வண்டியை நிறுத்தி, கொக்கியைக் கழற்றி ஓரமாகப் போட்டாள். பின்னால் சந்தே நடந்து வந்தது. ஒருவரும் யாரையும் கேட்கவில்லை.