லொரேனின் தோடும் அதன் அடிப்பூச்சும்

1

இந்தக் கதையை நான் யோசித்து எடுக்கவில்லை. வீங்கிச் சிவந்த ஒரு காதுமடலைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். காது லொரேன் கோட்ரோவுடையது. பாடக்கெட் என்ற எங்கள் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். தோட்டைக் கொடுத்தவன் டுவார்த்தே மெதெய்ரோஸ். எங்கள் முலாம் பட்டறையில் நான் நகைகளைக் கம்பியில் கோத்துத் தருவேன், அவன் வெள்ளித் தொட்டியில் இறக்குவான். அவனுக்கும் லொரேனுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, ஆளுக்கொரு விவாகரத்தும் ஆகிவிட்டது. பனி உருகியதும் ஒரே வீட்டுக்குக் குடிபோவதாக இருந்தார்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "காதல் என்பது ஒரு மெல்லிய பூச்சு, அது..." வேண்டாம். 'காதல் என்பது' என்று ஆரம்பித்த எந்த வாக்கியத்தையும் நான் உருப்படியாக முடித்ததில்லை.

2

மட்டமான நகை தனக்கு ஆகாது என்று லொரேன் முன்பே சொல்லியிருந்தாள். தன் கையால் முலாம் போட்டது எப்படி மட்டமாகும் என்பது டுவார்த்தேயின் நினைப்பு. காது ஊதியதும் அவள் நேராகப் பட்டறைக்கே வந்துவிட்டாள்.

"வெள்ளின்னுதானே சொன்ன?"

"வெள்ளிதான், லொரேன். மேல வெள்ளி."

"அடியில?"

"நிக்கல். அதுக்கும் அடியில பித்தளை. நிக்கல் போடலேன்னா செம்பு கசிஞ்சு மேல வந்துடும். எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

"மேல இருக்கறத நீ சொல்லுவ, அடியில இருக்கறத நான் கேட்டுத் தெரிஞ்சுக்கணுமா? என் மொதப் புருஷனும் இதே ரகந்தான்."

தோட்டை அவன் கையில் திணித்தாள். "வீடு பாக்க வராத."

(அடிக்குறிப்பாகப் போக வேண்டியது: வெள்ளி மெத்தென்ற உலோகம். தோட்டின் தண்டு காதில் உரசும் இடத்தில்தான் முதலில் தேயும். தேய்ந்ததும் நிக்கல் தோலைத் தொடும். இதை நான் அவளிடம் விளக்கப் போனேன். "கார்லா, நீ கம்பியப் பாரு" என்றாள்.)

3

டுவார்த்தே இன்னொரு ஜோடி செய்தான். இந்த முறை நிக்கலுக்குப் பதில் வெள்ளை வெண்கலம். செம்பு, வெள்ளீயம், துத்தநாகம் மூன்றும் கலந்தது. ஆனால் யார் காதில் போட்டுப் பார்ப்பது? எனக்கும் அவனுக்கும் எருமைத்தோல்.

லொரேனின் தங்கை இவெட்டுக்கும் நிக்கல் ஆகாது. [இவெட்டை அமைதியான பெண்ணாக எழுத ஆசைப்பட்டேன். முடிதிருத்தும் கடை நடத்துகிறவள் வாயை மூடி வைக்க என்னால் ஆகவில்லை.]

"ஒரு காதுல மட்டும் போட்டுப் பாரு. ஊதலேன்னா கழட்டிக் குடுத்துடு" என்றான்.

"ஊதலேன்னா நான் ஏன்யா கழட்டணும்?"

ஊதவில்லை. கழற்றவும் இல்லை. ஜோடியின் மற்றது அவன் சட்டைப்பையிலேயே கிடந்தது.

4

சனிக்கிழமை மதியம் தேவாலயக் கூடத்தில் சிப்பி விருந்து. நாங்கள் நால்வரும் போயிருந்தோம். லொரேன் தங்கையின் காதைப் பார்த்தாள்.

"யாருடி குடுத்தா?"

"உன் ஆளுதான்."

[இங்கே லொரேன் அழுவதாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். அவள் அழவில்லை. கையில் முள்கரண்டியோடு எழுந்து நின்றாள்.]

"அது... சோதிச்சுப் பாக்க..." டுவார்த்தேவுக்கு வாய் குழறியது.

"என் தங்கச்சியவா சோதிச்ச?"

"அவ காத!"

கூடமே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"பித்தளை. மேல வெள்ளை வெண்கலம். அதுல செம்பு, வெள்ளீயம், துத்தநாகம். கடைசியா வெள்ளி. வேற ஒண்ணும் இல்ல. அப்புறம் லொரேன், எனக்குக் குறட்டை உண்டு. முன்பல்லு ரெண்டும் கட்டினது. மொதக் கல்யாணம் முறிஞ்சதுக்குப் பாதிக் காரணம் நான்தான். அவளக் கேட்டா முக்கால்வாசிம்பா."

லொரேன் கையை நீட்டினாள். அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். வலது காதில் மாட்டிக்கொண்டாள்.

"ஊதுச்சுன்னா?"

"எடுத்துடு."

"தோட்டையா, உன்னையா?"

 

5

இது நடந்தது முந்தாநாள். காது அதன் வேகத்தில்தான் முடிவு சொல்லும். கதையை அவசரமாக முடிக்கச் சொல்லி ஆளாளுக்கு யோசனை தருகிறார்கள்.

டுவார்த்தே: "கல்யாணம்னு எழுதிடு கார்லா."

இவெட்: "எப்படி வேணா முடி. என் தோடு என் காதுல இருக்கணும்."

லொரேன்: "மன்னிச்சுட்டேன்னு மட்டும் எழுதாத. போட்டுப் பாக்கறேன்னு எழுது."

காது ஊதி அவள் போய்விடலாம். ஊதாமலே போய்விடலாம். ஊதியும்கூட, தோட்டை மட்டும் எறிந்துவிட்டு அவனை வைத்துக்கொள்ளலாம். எனக்குக் கடைசிதான் பிடித்திருக்கிறது. ஆனால் காது என்னுடையதில்லை.

ஆகவே பேனாவை உங்களிடம் தருகிறேன். திங்கட்கிழமைக் காலை. லொரேன் பேருந்தில் ஏறி உட்கார்கிறாள், தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியைத் திருப்பி, முடியை ஒதுக்கிக் காதைப் பார்க்கிறாள். பிறகு...

சீக்கிரம் எழுதுங்கள். பிள்ளைகள் குளிரில் நிற்கிறார்கள்.