கெட்டித்துக் கொடுப்பவன்

சென்னியப்பன் அண்ணனின் நாட்டுத் துப்பாக்கியைப் பத்து வருடமாகக் கெட்டித்துக் கொடுப்பவன் நான். குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, துணியை அடைத்து, கம்பியால் இடித்து, குண்டைப் போட்டு, மறுபடியும் துணி. துணி எங்கள் பனியன் கம்பெனி வேஸ்ட். கட்டிங் மாஸ்டராக இருந்துகொண்டு இதுகூடக் கொண்டுவர மாட்டேனா? சுத்தமான காட்டன்தான் எடுத்துப்போவேன்.

பொங்கலூர்ப் பக்கம் அண்ணனின் மக்காச்சோளத்தைப் பன்றிகள் நாசம் செய்யும். ஞாயிறு விடியலில் கரட்டுக் காட்டில் போய் உட்காருவோம். ஆறு நாள் மெஷின் இரைச்சல் கேட்ட காதுக்குக் கௌதாரிச் சத்தம் அவ்வளவு சுகம். ஃபிளாஸ்க்கில் சூடாக டீ இருக்கும். ஆனால் சுடுவது அண்ணன் மட்டும்தான். ஒருமுறை நானும் கேட்டுப் பார்த்தேன். "அதுக்கெல்லாம் கை வேணும் கண்ணு" என்றார்.

போன மாதம் அருள்செல்வன் வந்து சேர்ந்தான். சாயப்பட்டறை சூப்பர்வைசர். மூன்றாவது வாரமே துப்பாக்கி அவன் கையில்! இரண்டு பன்றி வேறு சுட்டுவிட்டான். அண்ணன் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அதையும் கெட்டித்துக் கொடுத்தது நான்தான்.

அடுத்த ஞாயிறு பாலியஸ்டர் துண்டுகளை எடுத்துப்போனேன். அது குழலில் பிடித்து நிற்காது, நழுவும். சூட்டில் உருகும். குண்டு பாதி வழியில் விழும். அவன் மானமும் கூடவே விழட்டும் என்று கெட்டித்தேன்.

பன்றி வந்தது. அருள்செல்வன் துப்பாக்கியை வாங்கவில்லை.

"ஏனுங்ண்ணா, இத்தன வருசமாக் கெட்டிச்சுக் குடுக்கறவரு ஒருக்காக்கூடச் சுட்டதில்லீங்களா? இன்னைக்கு அவரு சுடட்டுங்க" என்று மெதுவாகச் சொன்னான்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "செரி, சுடு கண்ணு."

பத்து வருட ஆசை. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வரவில்லை. சத்தியமாகச் சரியாகத்தான் குறி பார்த்தேன். குண்டு பாதி தூரத்தில் புழுதி கிளப்பியது. பன்றி ஓடிவிட்டது.

அண்ணன் தோளில் தட்டினார். "கெட்டிக்கறதுல உன்னய அடிச்சுக்க ஆளில்ல சாமி. சுடறது உனக்கு வராது. இனி ஆசப்படாத."

அருள்செல்வன் என்னை 'ஐயோ பாவம்' என்பதுபோல் பார்த்தான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அவர்கள் டீ ஊற்றப் போனார்கள். குழலில் உருகி ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்தேன். பையில் காட்டன் இல்லை. போட்டிருந்த பனியனின் ஓரத்தைக் கிழித்து, அவனுக்காகக் கெட்டிக்க ஆரம்பித்தேன்.