நாடி ஓடாத காய்ச்சல்

கிருஷாந்த் திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் வேலை செய்தவன். நெஞ்சு படபடக்கிறதென்று தனியார் டொக்டர் ஒருவர் எழுதிக்கொடுத்த குளிசையை இரண்டு வருசமாகப் போட்டுவந்தான். தெரிந்தால் கப்பலில் ஏறவிடமாட்டார்களென்ற பயத்தில், மனைவி துஷாந்தியைத் தவிர வேறு யாருக்கும் அதைச் சொல்லவில்லை.

கம்பிவடம் கிழித்த கால் வீங்கிக் காய்ச்சல் வந்தபோது, கூட வேலைசெய்யும் வீரசிங்கம் அவர்களை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "குளிசைக் கதையை எடுக்காதையும்" என்றான் கிருஷாந்த், அவள் காதுக்குள். மருந்து ஏதும் பாவிக்கிறவரோ என்று தாதி கேட்க, துஷாந்தி இல்லையென்றாள். நாடி எழுபத்தாறு. காய்ச்சலுக்கும் நாடி ஓடவில்லை, பயமில்லையென்று சாதாரண நோயாளர் வோட்டில் போட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. இரத்தத்தில் கிருமி ஏறியிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் டொக்டர் அன்ஸார், "பிரஷர் இவ்வளவு விழுந்தும் நாடி ஏன் ஓடேல்லை?" என்று கேட்டார். அப்போதுதான் குளிசையைப் பற்றிச் சொன்னாள்.

நாலாம் நாள் அவன் போய்விட்டான்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்ததும் அன்ஸாரிடம் போனாள்.

"முதலே சொல்லியிருந்தால்?"

அவர் கதிரையைக் காட்டினார். "குளிசை நாடியை ஓடவிடாமல் பிடிச்சு வைச்சிட்டுது. ஓடியிருந்தால் ஒரு நாள் முந்திக் கண்டிருப்பம். பிழைச்சிருப்பாரோ தெரியாது. அந்தக் குளிசை, உடம்பு கிருமியோடை பிடிக்கிற சண்டையைத் தணிக்கும் எண்டு சொல்லுகினம். சிலருக்கு அது கெடுதல். சண்டை மிஞ்சி உடம்பே அழியிற ஆக்களுக்கு நல்லதாகவும் இருக்கலாம். இன்னும் ஆராய்ஞ்சு கொண்டுதான் இருக்கினம். இவருக்கு எது எண்டு எனக்குச் சொல்ல ஏலாது."

ஏச்சு விழுமென்று போனவள் அது கூடக் கிடைக்காமல் திரும்பினாள்.

பிறகு அவளுடைய விரல் தொட்டதிலெல்லாம் நாடி அடித்தது. பஸ் கம்பியில், தேத்தண்ணிக் கோப்பையில், குசினிக் கதவில். தன் நெஞ்சு பதறி ஓடும்போதும் விரலடியில் அது அவசரப்படாமல் ஆறுதலாகவே அடித்தது. அவள் எண்ணிக்கொண்டு நிற்பாள்.

ஒரு பின்னேரம் வீரசிங்கம் அவளுடைய லிங்கநகர் வீட்டுக்கு வந்தார். மெலிந்திருந்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"தங்கச்சி, அவன் குளிசை போடுறது எனக்குத் தெரியும். கப்பலிலை கண்டனான். அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை, வெளியிலை நிண்ட என்னட்டையும் தாதி கேட்டவ. நானும் இல்லை எண்டனான்."

அவர் தன் மணிக்கட்டை மற்றக் கையால், நாடி எண்ணுகிறவர்போல, இறுக்கிப் பிடித்திருந்ததைத் துஷாந்தி அப்போதுதான் கண்டாள்.